கையில் ஒரு நாள், எந்தப் பிரமிடு? மெக்சிகோ நகரில் படிக்கும் மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

மெக்சிகோ நகருக்குப் பரிமாற்றப் படிப்புக்காக வந்து சேரும் நம் மாணவர்கள், தங்க அறையும் உள்ளூர்க் கைபேசி எண்ணும் கிடைத்த கையோடு கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. வகுப்பில்லாத நாள் ஒன்றுதான் வாய்க்கிறது, விடிகாலையில் கிளம்பி இரவுக்குள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும், கார் கிடையாது, பணமும் அளவாகத்தான் இருக்கிறது. இந்த நிலையில் எந்தப் பிரமிடைப் பார்ப்பது? வரைபடத்தில் எல்லாமே பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோல் தெரிவதும், சுற்றுலா விளம்பரங்கள் ஒவ்வோர் இடத்தையும் கட்டாயம் பார்த்தாக வேண்டியதென்று சொல்வதும் குழப்பத்தைக் கூட்டத்தான் செய்கின்றன.

இங்கே நான் எடுத்துக்கொள்வது நான்கு இடங்களை: வடகிழக்கே தெயோதிவாக்கான், தென்கிழக்கே பூவெப்லா மாநிலத்தில் சோலூலா, வடக்கே இதால்கோ மாநிலத்தில் தூலா, நகரின் நடு மையத்திலேயே இருக்கும் தெம்ப்லோ மயோர். சிச்சேன் இட்சா போன்ற மாயா நகரங்களைப் பலரும் கேட்கிறார்கள். அவை யுகத்தான் தீபகற்பத்தில், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பவை. விமானம் ஏறாமல் ஒரே நாளில் போய்வர இயலாதவை என்பதால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

## எதை வைத்து அளப்பது

கிலோமீட்டரை வைத்து அளந்தால் தவறான முடிவுக்கே வந்து சேருவோம். இந்த நகரில் பேருந்து நிலையத்தை அடைவதற்கே முக்கால் மணி நேரம் ஆகும். நெடுஞ்சாலையை எட்டும்வரை பேருந்து ஊர்ந்துகொண்டிருக்கும். ஆகவே முதல் அளவுகோல், அறைக் கதவைப் பூட்டியதிலிருந்து பிரமிடின் முன் நிற்கும்வரை ஆகும் மொத்த நேரமும், அது போக அங்கே நின்று பார்க்க மிஞ்சும் நேரமும் ஆகும். இரண்டாவது செலவு, நுழைவுச் சீட்டும் பேருந்துக் கட்டணமும் மட்டுமல்லாமல், வெளியே தெரியாமல் சட்டைப்பையைக் கரைக்கும் சில்லறைச் செலவுகளும் இதில் அடங்கும். மூன்றாவது உடல் தாங்குமா என்பது. மெக்சிகோ நகரமே கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்து இரண்டு வாரம்கூட ஆகாதவர், பத்துப் படி ஏறியதும் மூச்சு வாங்குவதைக் கண்டு தம் உடல்நலத்தையே சந்தேகிக்கத் தொடங்குவார், காரணம் உயரம்தான்.

நான்காவது, அங்கே போய் நின்றால் என்ன புரியும் என்பது. சில இடங்கள் முன்னறிவு எதுவும் இல்லாமலே கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். சில இடங்களுக்கு ஒரு மணி நேரமாவது படித்துவிட்டுப் போகாவிட்டால், இடிந்த சுவர்களைச் சுற்றிவந்த களைப்பு மட்டுமே மிஞ்சும். மாணவருக்கு எழுதுகிறேன் என்பதால் மற்ற மூன்றையும்விட இதற்கே கூடுதல் எடை கொடுக்கிறேன்.

நுழைவுக் கட்டணம் நான்கு இடங்களுக்கும் பொதுவான செய்தி என்பதால் அதை இங்கேயே முடித்துவிடலாம். நான்கையும் நிர்வகிப்பது மெக்சிகோவின் தேசிய மானிடவியல், வரலாற்று நிறுவனம். கட்டணம் ஆண்டுதோறும் மாறும். மெக்சிகோக் கல்வி நிறுவனத்தின் செல்லுபடியாகும் அடையாள அட்டை வைத்திருப்போருக்குக் கட்டண விலக்கு அளிப்பது வழக்கம். நம் ஊர்க் கல்லூரி அட்டையை நீட்டி வாதாடுவதில் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது மெக்சிகோக் குடிமக்களுக்கும் அங்கே குடியிருப்பு உரிமை பெற்றவர்களுக்கும் உரிய சலுகை. உங்களிடம் குடியிருப்பு அட்டை இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமையில் உங்களுக்குக் கிடைக்கப்போவது கூட்டம் மட்டுமே.

## தெயோதிவாக்கான்

நகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மெட்ரோவின் ஐந்தாம் தடத்தில் 'அவுத்தோபூசெஸ் தெல் நோர்த்தே' நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே வடக்குப் பேருந்து நிலையம்; உள்ளே நுழைந்து இடப்புறம் கடைசிவரை நடந்தால் 'பிராமிதேஸ்' என்று எழுதிய சீட்டு மேசை இருக்கும். 'பிரமிடுகள்' என்றே கேட்டுச் சீட்டு வாங்க வேண்டும். வெறுமனே தெயோதிவாக்கான் என்று கேட்டால் அதே பெயருள்ள ஊருக்குள் போகும் பேருந்தில் ஏற்றிவிடக்கூடும். பேருந்து ஓட்டம் ஒரு மணி நேரம்தான் என்றாலும், மெட்ரோவையும் காத்திருப்பையும் சேர்த்தால் போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்று வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

இந்த நான்கு மணி நேரத்துக்குக் கிடைப்பது என்ன? கி.பி. முதல் ஆறு நூற்றாண்டுகளில் செழித்து, உச்சத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த ஒரு பெருநகரின் எலும்புக்கூடு. கட்டியவர்கள் தம் நகரை எப்படி அழைத்தார்கள் என்பதே தெரியாது. கைவிடப்பட்டுப் பல நூற்றாண்டுகள் கழிந்த பிறகு இங்கே வந்த ஆஸ்டெக்குகள், மனிதரால் இது ஆகியிருக்க முடியாதென்று கருதி, தெய்வங்கள் பிறந்த இடம் என்ற பொருளில் தம் நாவாட்ல் மொழியில் வைத்த பெயர்தான் தெயோதிவாக்கான். சூரியப் பிரமிடின் உயரம் ஏறத்தாழ 65 மீட்டர். அடிப்பக்கம் ஒவ்வொன்றும் 220 மீட்டருக்கும் மேல். சந்திரப் பிரமிடு அதைவிடச் சிறியதென்றாலும் உயர்ந்த தரையில் நிற்பதால் இரண்டின் உச்சியும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் தெரிகின்றன. இரண்டையும் இணைக்கும் மாண்டோர் வீதியும் அதற்கு இணையாகவும் குறுக்காகவும் ஓடும் தெருக்களும், உண்மை வடக்கிலிருந்து ஏறத்தாழ பதினைந்தரை பாகை கிழக்கே சாய்ந்த ஒரே கட்டத்தில் அமைந்தவை. அந்தக் கட்டத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக ஊடே ஓடிய ஆற்றையே திருப்பிவிட்டிருக்கிறார்கள். கட்டடக்கலையோ நகரமைப்போ படிப்பவருக்கு இதைவிடச் சிறந்த வகுப்பறை அமையாது. ஒன்றுமே படிக்காமல் போகிறவருக்கும் வீதியின் நடுவில் நின்றதும் அதன் திட்டம் பிடிபட்டுவிடும் என்பதுதான் இதன் பெரிய பலம்.

எங்கே இறங்குவது என்பதில் பெரும்பாலோர் பிசகிவிடுகிறார்கள். பேருந்தில் பெருங்கூட்டம் இறங்குவது சூரியப் பிரமிடுக்கு நேரெதிரான இரண்டாம் வாயிலில். அங்கே இறங்கியவர்கள் சூரியனையும் சந்திரனையும் பார்த்து, வெயிலில் வாடி, தெற்கே இருக்கும் கோட்டை முற்றத்தை எட்டிப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். என் பரிந்துரை, முதல் வாயிலில் இறங்கி, எதிரிலேயே இருக்கும் அந்த முற்றத்துக்குள் காலைக் குளிரிலேயே நுழைந்துவிடுவது. அங்கிருக்கும் இறகுநாகக் கோயிலின் மேற்கு முகத்தைப் பல நூற்றாண்டு மழையிலிருந்து காத்தது, பின்னாளில் அதன் முன் ஒட்டிக் கட்டப்பட்ட ஒரு மேடை. அந்த மேடையின் மேல் ஏறி நின்றால், இறகுச் சட்டத்துக்குள்ளிருந்து வாய் பிளந்து நீளும் நாகத் தலைகள் நேருக்கு நேர் தெரியும். இந்தக் கோயிலைக் கட்டியபோது ஏறத்தாழ இருநூறு பேர் பலியிடப்பட்டுப் புதைக்கப்பட்டதை அகழாய்வுகள் காட்டியிருக்கின்றன. 2003இல் பெய்த கனமழையில் கோயிலின் முன் நிலம் ஒரு குழியாக உள்வாங்க, அதன் வழியே தொல்லியலாளர் செர்ஹியோ கோமெஸ் அடியிலிருந்த சுரங்கப்பாதையைக் கண்டறிந்தார். அதன் கோடியில் திரவப் பாதரசம் கிடைத்த செய்தி 2015இல் வெளிவந்தது. சுரங்கத்துக்குள் பார்வையாளருக்கு அனுமதியில்லை என்றாலும், காலடியில் அது இருப்பதை அறிந்துகொண்டு அந்த முற்றத்தில் நிற்பது வேறொரு அனுபவம்தான்.

ஏறுவதைப் பற்றியும் நேராகச் சொல்லிவிட வேண்டும். பழைய படங்களில் சூரியப் பிரமிடின் உச்சியில் கைவிரித்து நிற்பவர்களைப் பார்த்து ஆசை வளர்த்துக்கொண்டு வர வேண்டாம். 2020இல் பெருந்தொற்றின்போது ஏற்றம் நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் சந்திரப் பிரமிடின் முதல் அடுக்குவரை மட்டுமே அனுமதி திரும்பியது. ஏறுவதற்காகவே வருகிறீர்களென்றால், கிளம்பும் முன் நடப்பு நிலவரத்தைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு செய்தி வழிகாட்டிகள் அதிகம் சொல்லாதது. நீங்கள் பார்க்கும் சூரியப் பிரமிடின் தோற்றம் முழுவதும் பழையதன்று. விடுதலை நூற்றாண்டு விழாவான 1910க்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் தொல்லியலாளர் லெயோபோல்தோ பாத்ரெஸ் 1905 முதல் அதைத் தோண்டியபோது, வெளிமுகத்தைப் பல மீட்டர் ஆழத்துக்கு நீக்கிவிட்டார். முதலில் இல்லாத ஓர் அடுக்கும் அவர் கையால் உருவாகிவிட்டது. சுவர்களின் அருகே போய்ப் பாருங்கள். பெரிய கற்களுக்கு இடைப்பட்ட சாந்தில், கோலப்புள்ளி வைத்ததுபோல் சிறு கற்கள் வரிசையாகப் பதிந்திருந்தால், அந்தப் பகுதி இருபதாம் நூற்றாண்டில் மீட்டுக் கட்டப்பட்டதென்று பொருள். இந்த ஓர் அடையாளம் தெரிந்துவிட்டால் வளாகம் முழுவதையும் வேறு கண்ணோடு படிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

மறைமுகச் செலவுகளில் முதலிடம் வெயிலுக்கு. வீதியில் மரநிழல் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. உயரம் காரணமாகக் காற்று குளிர்ந்திருப்பதால் தோல் கருகுவது மாலையில்தான் தெரியும். தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர், கையோடு உணவு ஆகிய மூன்றையும் நகரிலிருந்தே எடுத்துச் செல்லாதவர்கள் வாயிலருகே இரட்டிப்பு விலை கொடுக்கிறார்கள். சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: நீலச் சோளமாவில் அவரை வைத்துச் சுடும் த்லாகோயோ எளிதாகக் கிடைக்கும், ஆனால் அவரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது இங்கே வழக்கம் என்பதால் 'சின் மாந்தேகா?' என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வளாகத்துக்குள்ளேயே எரிமலைக் கண்ணாடிச் சிற்பங்களும், ஊதினால் சிறுத்தைபோல் உறுமும் மண் ஊதல்களும் விற்பவர்கள் பின்தொடர்வார்கள். கள்ளியில் வளரும் கோச்சினீல் பூச்சியை உள்ளங்கையில் நசுக்கிக் குங்குமச் சிவப்பாக்கி, எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டு அதையே ஆரஞ்சாக மாற்றிக் காட்டுகிறவரைக் கண்டால் நின்று பாருங்கள். அந்த வேதியியல் பாடத்துக்குக் கொடுக்கும் சில பெசோ வீணாகாது.

மார்ச் 20, 21 தேதிகளில் மட்டும் போகாதீர்கள். இளவேனில் சம இரவு நாளில் வெள்ளுடை அணிந்து ஆற்றல் பெற வரும் கூட்டத்தில் கற்களைப் பார்க்க முடியாது.

## சோலூலா

கொள்ளளவை வைத்துப் பார்த்தால் உலகின் மிகப் பெரிய பிரமிடு எகிப்தில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. அடிப்பக்கம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 400 மீட்டர். கீசாவின் பெரிய பிரமிடுக்கு அது 230 மீட்டரே. ஆனால் இந்தப் பெருமையை மனத்தில் வைத்துக்கொண்டு போய் இறங்குகிறவருக்கு முதலில் கிடைப்பது ஏமாற்றம்தான். கண்முன் நிற்பது புல்லும் மரமும் மூடிய ஒரு குன்று. அதன் தலையில் மஞ்சள் நிறத் தேவாலயம். 'எங்கே பிரமிடு?' என்று அதன் மேலேயே நின்றுகொண்டு கேட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். த்லாச்சிவால்தெபெத்ல், அதாவது கையால் ஆக்கிய மலை, என்பதே அதன் நாவாட்ல் பெயர். வெயிலில் காய்ந்த மண்செங்கற்களால், பல நூற்றாண்டுகளில் கட்டடத்தின் மேல் கட்டடமாக வளர்ந்தது. ஸ்பானியர் வந்தபோதே அது காடு மண்டிக் கிடந்தது. பதினாறாம் நூற்றாண்டில் அதன் உச்சியில் ரெமேதியோஸ் அன்னையின் ஆலயம் எழுந்தது. 1519 அக்டோபரில் ஸ்பானியத் தளபதி கோர்த்தெசின் படை இந்நகர மக்களைக் கொன்று குவித்ததையும் சேர்த்து எண்ணிக்கொண்டு ஏறினால், உச்சியிலிருக்கும் ஆலயம் வெறும் அழகுக் காட்சியாக மட்டும் தெரியாது.

ஆகவே சோலூலா கண்ணுக்குரிய இடமன்று. அறிந்துகொண்டு போகிறவருக்குரிய இடம். 1931 முதல் தொல்லியலாளர்கள் இதன் வயிற்றுக்குள் சுரங்கங்களைக் குடைந்து உள் அடுக்குகளை ஆராய்ந்தார்கள். மொத்த நீளம் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர். அதில் ஒரு சிறு பகுதிதான் பார்வையாளருக்கு உரியது. அதுவும் எல்லாக் காலத்திலும் திறந்திருப்பதில்லை. சுரங்கம் மூடியிருந்தால் இந்தப் பயணத்தின் மதிப்பில் பாதி குறைந்துவிடும் என்பது என் கணிப்பு. மதுவருந்துவோரைத் தீட்டிய ஐம்பது மீட்டருக்கு மேல் நீளமான புகழ்பெற்ற சுவரோவியமும் உள்ளேதான் இருக்கிறது. அது பொதுமக்களுக்குக் காட்டப்படுவதில்லை.

பயணமோ நீளம். மெட்ரோவில் சான் லாசாரோ நிலையம் சென்று, தாப்போ எனப்படும் கிழக்குப் பேருந்து நிலையத்தில் பூவெப்லாவுக்கு ஏற வேண்டும். அது இரண்டு மணி நேரம். இறங்குமிடத்தை அங்கே 'காப்பு' என்கிறார்கள் (கைக்காப்பை நினைத்துக்கொண்டால் பெயர் மறக்காது). அங்கிருந்து சோலூலாவுக்கு உள்ளூர்ப் பேருந்திலோ வாடகைக் காரிலோ இன்னும் அரை மணி முதல் முக்கால் மணி. ஆக ஒரு வழிக்கே மூன்றேகால் மணிக்குக் குறையாது. வழியில் விபத்தொன்று நேர்ந்தால் கணக்கே கவிழும். எனக்கு ஒருமுறை அப்படித்தான் ஆயிற்று. காலை ஒன்பதுக்குக் கிளம்பியவன் பிற்பகல் மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்து, அகழ்ந்த முற்றங்களைப் பார்க்க நேரமில்லாமல் தேவாலயப் படிகளை மட்டும் ஏறிவிட்டுத் திரும்பினேன். பேருந்துக் கட்டணமும் தெயோதிவாக்கானைப்போல் சில மடங்கு ஆகும். பள்ளி, கல்லூரி விடுமுறைக் காலங்களில் மட்டும், மெக்சிகோ மாணவர் அட்டைக்கு நெடுந்தூரப் பேருந்துகளில் சில இருக்கைகள் தள்ளுபடியில் கிடைக்கும். கேட்காதவருக்கு அதைச் சொல்லமாட்டார்கள்.

அப்படியானால் யாருக்கு இது? நவம்பர் முதல் பிப்ரவரிவரையிலான தெளிந்த காலையில், 5,400 மீட்டர் உயரமுள்ள போப்போகாதெபெத்ல் எரிமலை புகைந்துகொண்டிருக்க, அதன் முன்னே ஆலயமும் பிரமிடும் ஒன்றன்மேலொன்றாக நிற்பதைக் காண்பதற்கு ஈடான காட்சி மற்ற மூன்றிலும் இல்லை. வரலாறும் சமயமும் படிக்கிறவர்கள், ஒரு வழிபாட்டிடத்தின் மேல் இன்னொன்று அமர்வது எப்படி என்பதைக் காண இதைத் தேர்ந்தெடுக்கலாம். பக்கத்திலிருக்கும் சாந்தா மரியா தொனான்சின்த்லா ஆலயத்தின் உட்கூரையில் பழங்குடிக் கைவினைஞர் நிரப்பியிருக்கும் வண்ணச் சுதையுருவங்களைப் பார்க்கவும் நேரம் ஒதுக்கினால் பயணத்தின் கணக்கு நேராகிவிடும். ஓரிரவு பூவெப்லாவில் தங்க முடிந்தால் இன்னும் நல்லது. அப்போது அது ஒருநாள் பயணமாக இருக்காது என்பது வேறு செய்தி.

## தூலா

இரண்டாவது பயணத்துக்கு ஏற்ற இடம் என்பேன். ஏறத்தாழ கி.பி. 900 முதல் 1150வரை செழித்த தோல்தெக் மக்களின் தலைநகரம். தெயோதிவாக்கான் வீழ்ந்ததற்கும் ஆஸ்டெக்குகள் எழுந்ததற்கும் இடைப்பட்ட காலத்தது. வடக்குப் பேருந்து நிலையத்திலிருந்தே போகலாம். ஊருக்குச் சேர்ந்து வளாகத்தையும் அடைய இரண்டரை மணி நேரமாவது வேண்டும்.

இங்கே பிரமிடு சிறியது. அதன் தலையில் நிற்கும் நான்கு கல்வீரர்களுக்காகத்தான் எல்லோரும் வருகிறார்கள். ஒவ்வொருவரும் 4.6 மீட்டர் உயரம். நான்கு பசால்ட் துண்டங்களைக் குழியும் முளையுமாகப் பொருத்தி ஒருவராக்கியிருக்கிறார்கள். மார்பில் வண்ணத்துப்பூச்சி வடிவக் கவசம், கையில் ஈட்டி எறியும் கருவி, முதுகில் சூரிய வட்டு. இவர்கள் ஒருகாலத்தில் கோயிலின் கூரையைத் தாங்கிய தூண்கள். கூரை போய்விட, வானத்தைத் தாங்குவதுபோல் நிற்கிறார்கள். 1940களில் தொல்லியலாளர் ஹோர்ஹே அகோஸ்தா பிரமிடின் பின்புறப் பள்ளத்திலிருந்து இவற்றை வெளிக்கொணர்ந்தார். நால்வரில் ஒருவர் நகல். அசல் மெக்சிகோ நகரின் தேசிய மானிடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரமிடின் பின்னால் இருக்கும் நாகச் சுவரில் எலும்புருவ மனிதர்களைப் பாம்புகள் விழுங்கும் புடைப்புச் சிற்பங்களைத் தவறவிடாதீர்கள்.

கூட்டம் குறைவு, விற்பனைத் தொல்லை குறைவு, இரண்டு மணி நேரத்தில் நிதானமாகப் பார்த்துவிடலாம். ஆனால் இரண்டு மணி நேரப் பார்வைக்கு ஐந்து மணி நேரப் பயணம் என்ற விகிதம் ஒருநாள் மட்டுமே உள்ளவருக்குக் கட்டுப்படியாகாது. சிற்பக்கலை படிப்பவருக்கும், சிச்சேன் இட்சாவுக்குப் பின்னொரு நாள் போகப்போகிறவருக்கும் மட்டும் விதிவிலக்கு. இரண்டு இடங்களின் தூண்மண்டபங்களும் சாய்ந்து படுத்த சாக் மூல் சிலைகளும் ஒன்றையொன்று ஒத்திருப்பது ஆய்வாளர்களிடையே நெடுங்காலமாக விவாதப் பொருளாக இருந்துவருகிறது.

## தெம்ப்லோ மயோர்: ஐந்து பெசோ தூரத்தில்

மெட்ரோக் கட்டணம் ஐந்து பெசோ. இரண்டாம் தடத்தில் சோகலோ நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் பேராலயத்தின் பக்கவாட்டிலேயே ஆஸ்டெக் தலைநகரான தெனோச்தித்லானின் பெருங்கோயில். 1978 பிப்ரவரி 21 அன்று குவாத்தமாலா, அர்ஹெந்தினா தெருக்கள் கூடும் முனையில் பள்ளம் தோண்டிய மின்வாரியத் தொழிலாளர்கள், கொயோல்ஷாவ்கி என்னும் பெண்தெய்வத்தைச் செதுக்கிய, மூன்றேகால் மீட்டர் விட்டமுள்ள வட்டக்கல்லில் முட்டிக்கொண்டதிலிருந்துதான் பெரும் அகழாய்வு தொடங்கியது. எதுவார்தோ மாத்தோஸ் மொக்தெசூமா தலைமையில் நடந்த அப்பணிக்காகச் சுற்றியிருந்த கட்டடங்கள் பலவும் இடிக்கப்பட்டன.

இங்கே உயர்ந்து நிற்கும் பிரமிடை எதிர்பார்க்கக் கூடாது. ஸ்பானியர் அதை இடித்து, அதே கற்களால் தம் நகரைக் கட்டிக்கொண்டார்கள். எஞ்சியிருப்பது அடிப்பகுதி. ஆனால் அந்த எச்சம்தான் மாணவருக்குப் பெரும்பேறு: ஏழு கட்டங்களாக ஒவ்வோர் அரசரும் முந்தைய கோயிலைப் போர்த்திப் பெரிதாக்கியதை, வெங்காயத்தைக் குறுக்கே அரிந்ததுபோல் அடுக்கடுக்காகக் காணலாம். சோலூலாவில் சுரங்கத்துக்குள் ஊகிக்க வேண்டியதை இங்கே பகல் வெளிச்சத்தில் பார்க்கிறோம். இரண்டாம் கட்டக் கோயிலின் முன் வண்ணம் மாறாமல் அமர்ந்திருக்கும் சாக் மூலைக் கண்டுவிட்டால், கறுத்த கல்லாகவே நாம் கற்பனை செய்துவந்த இந்தக் கோயில்கள் எல்லாம் ஒருகாலத்தில் பூசுசுதையும் சிவப்பும் நீலமுமாக இருந்தவை என்பது உறைக்கும். வளாகத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தில் வட்டக்கல்லையும், 2006இல் கிடைத்த நிலத்தெய்வமான த்லால்தெகூத்லியின் பெருங்கல்லையும் மேலிருந்து பார்க்கலாம்.

திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதை மறந்து போய் நின்றவர்களில் நானும் ஒருவன். அது தவிர, குறைபாடு என்று சொன்னால் ஒன்றுதான்: நகரை விட்டு வெளியே வந்த உணர்வு இராது, வாகன இரைச்சலும் இசைப்பெட்டிக்காரரின் சுருதி விலகிய பாட்டும் தொடர்ந்து கேட்கும். ஆனால் அரை நாளில் முடிந்துவிடுவதால் மீதி நாளில் இன்னொன்றைச் சேர்க்கலாம். பினோ சுவாரெஸ் மெட்ரோ நிலையத்துக்குள், தடம் மாறும் நடைபாதையின் நடுவிலேயே, 1960களில் சுரங்கம் தோண்டுகையில் கிடைத்த காற்றுத் தெய்வத்தின் சிறு வட்டப் பலிமேடை நிற்கிறது. த்லாதெலோல்கோவில் ஆஸ்டெக் கோயிலின் அடித்தளமும், அதன் கற்களாலான தேவாலயமும், 1968 அக்டோபர் 2 அன்று அங்கே சுடப்பட்ட மாணவர்களின் நினைவுக்கல்லும் ஒரே சதுக்கத்தில் இருக்கின்றன. தெற்கே குயிக்குயில்கோவில் ஷித்லே எரிமலைக் குழம்பு சூழ்ந்து உறைந்த வட்டப் பிரமிடு, தெயோதிவாக்கானுக்கும் மூத்தது. பல்கலைக்கழக வளாகத்தில் தங்கியிருப்பவர்களுக்கு அது பக்கத்துத் தெருபோல.

## ஒரே பார்வையில்

| இடம் | போகவர ஆகும் நேரம் | பார்க்கத் தேவை | கவனிக்க வேண்டிய மறைமுகச் செலவு |
|---|---|---|---|
| தெயோதிவாக்கான் | 4 மணி | 4 முதல் 5 மணி | வெயில், தண்ணீர், வளாக விற்பனை |
| சோலூலா | 6½ மணிக்கு மேல் | 3 மணி | பேருந்துக் கட்டணம், சுரங்கம் மூடியிருக்கும் அபாயம் |
| தூலா | 5 மணி | 2 மணி | பார்க்கும் நேரத்தை விஞ்சும் பயணம் |
| தெம்ப்லோ மயோர் | 1 மணி | 3 மணி | திங்கள் விடுமுறை |

நேரங்கள் நகர மையத்தில் தங்கியிருப்பவருக்கானவை. ஜூன் முதல் செப்டம்பர்வரை பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடியுடன் மழை கொட்டுவது வாடிக்கை. அந்த மாதங்களில் வெளியூர்ப் பயணம் எதுவாயினும் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.

## சுற்றுலா நிறுவனப் பேருந்தில் போகலாமா?

தெயோதிவாக்கானைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அடுத்து எழும் கேள்வி இது. விளம்பரத்தில் காணும் தொகை, தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தால் அதிகமாகத் தோன்றாது. விடுதி வாசலிலேயே ஏற்றிக்கொள்வார்கள், வழிகாட்டியும் உண்டு. என் முதல் பயணம் அப்படித்தான் அமைந்தது. காலை எட்டு மணிக்குக் கிளம்பிய வண்டி முதலில் குவாதலூபே பேராலயத்தில் ஒரு மணி நேரம் நின்றது. பிறகு எரிமலைக் கண்ணாடிப் பட்டறை ஒன்றில் ஐம்பது நிமிடம். அங்கே கற்றாழை நாரில் நூலெடுக்கும் விளக்கம் ஏழு நிமிடம், கடைக்குள் உலவவிட்டது மீதி நேரம். அதன்பின் அவர்கள் அழைத்துச் சென்ற உணவகத்தில், கட்டணத்தில் சேராத மதிய உணவு. பிரமிடுகளின் முன் இறக்கிவிட்டபோது உச்சி வெயில். கிடைத்தது ஒன்றேகால் மணி நேரம். இறகுநாகக் கோயில் அட்டவணையிலேயே இல்லை. நான் கொடுத்த பணத்தில் பொதுப் பேருந்தில் இருமுறை போய்வந்திருக்கலாம் என்பதைப் பின்னர்தான் கணக்கிட்டேன்.

எனினும் சுற்றுலாப் பேருந்தை முற்றாகத் தள்ளிவிட மாட்டேன். பெற்றோர் ஊரிலிருந்து வந்திருக்கும்போதோ, ஸ்பானிய மொழியில் ஒரு சொல்லும் பிடிபடாத முதல் வாரத்திலோ அது மன நிம்மதியைத் தரும். அப்படிப் போவதென்றால், பட்டறை, கடை நிறுத்தங்கள் இல்லாத, காலை ஏழு மணிக்கு முன் புறப்படும் பயணமா என்பதையும், வளாகத்துக்குள் எத்தனை மணி நேரம் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டுப் பணம் கட்டுங்கள். விடியலில் பிரமிடுகளின் மேல் பறக்கும் வெப்பக்காற்றுப் பலூன்களையும் விளம்பரப்படுத்துகிறார்கள். அதன் கட்டணம் மாணவரின் ஒருநாள் செலவுக்குள் அடங்குவதன்று.

## நான் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதென்றால்

முதல்முறை, உடலில் தெம்புண்டு, வாரநாள் ஒன்று கிடைக்கிறது என்றால் தயங்காமல் தெயோதிவாக்கான். கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றாலும் அதுவே, ஆனால் வாயில் திறக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும். உள்ளூர்க் குடும்பங்கள் பதினொரு மணிக்கு மேல்தான் பெருகத் தொடங்கும். ஊருக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது, உயரம் இன்னும் பழகவில்லை, அல்லது மறுநாள் தேர்வு இருக்கிறது என்றால் தெம்ப்லோ மயோரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கிருந்து மானிடவியல் அருங்காட்சியகத்துக்குப் போனால் இறகுநாகக் கோயிலின் முகப்பை முழு அளவில், மூல வண்ணத்தோடு ஆக்கி வைத்திருப்பதைக் காணலாம். அதைப் பார்த்துவிட்டு இன்னொரு வாரம் தெயோதிவாக்கான் போகிறவர், நேராகப் போகிறவரைவிடக் கூடுதலாகவே பார்ப்பார். சோலூலாவைக் குளிர்காலத்துக்கும், தூலாவை மூன்றாவது மாதத்துக்கும் ஒதுக்கி வையுங்கள்.

தெயோதிவாக்கானில் முதல் வாயிலில் நுழைந்து வடக்கே நடந்து, சந்திரப் பிரமிடைப் பார்த்துவிட்டு மூன்றாம் வாயில் வழியாக வெளியேறுவதுதான் வந்த வழியே திரும்பி நடக்காத பாதை. இடையில் சூரியப் பிரமிடுக்குத் தெற்கே இருக்கும் வளாக அருங்காட்சியகத்தில், காலடியில் கண்ணாடிக்குக் கீழே நகரின் மாதிரி விரிந்திருக்கும். நண்பகல் வெயிலை அங்கே கழிக்கலாம். வளாக வேலிக்கு வெளியே இருக்கும் தெபாந்தித்லா என்னும் பழைய குடியிருப்பின் சுவரோவியங்களைப் பார்க்க எண்ணினால் நுழைவுச் சீட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். திரும்பும் பேருந்து எந்த வாயிலில் நிற்கும், கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் கேட்க அவர் அங்கே இருக்கமாட்டார்.